டாஸ்க்பார் யாருக்குச் சொந்தம்? ஒரு பட்டையின் கதை

கணினித் திரையின் அடியில் ஒரு விரல் தடிமனுக்கு ஒரு பட்டை இருக்கிறது. இடது மூலையிலோ நடுவிலோ ஸ்டார்ட் பட்டன், அதன் பக்கத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள், வலது ஓரத்தில் கடிகாரம். அதன் பெயர் டாஸ்க்பார். தமிழில் 'பணிப்பட்டை' என்கிறார்கள். தினமும் நூறு முறை அதைக் கிளிக் செய்கிறவர்கள்கூட அதைப் பற்றி ஒரு நிமிடம் யோசித்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரே லேப்டாப்பை வீட்டுக்கும் வேலைக்கும் சேர்த்துப் பயன்படுத்தும் குடும்பத்தில் அந்தப் பட்டைதான் தகராறின் முதல் இடம். அப்பா டேலியை முதல் இடத்தில் வைப்பார். தங்கை அதை எடுத்துவிட்டுப் பாட்டு பிளேயரை வைப்பாள். தம்பி பட்டையையே தூக்கித் திரையின் உச்சியில் மாட்டிவிட்டுப் பள்ளிக்குப் போய்விடுவான். மறுநாள் காலை பில் போட உட்காரும் அப்பா, "யாருடா இதைத் தொட்டது?" என்பார்.

பார்க்க இது சின்ன விஷயம். ஆனால் இந்தத் தகராறுக்கு முப்பது வருட வரலாறு இருக்கிறது. அதற்குள் அமெரிக்க அலுவலகமும் வருகிறது, சென்னையில் நடந்த தமிழ் மாநாடும் வருகிறது, ரிஷிவந்தியத்து வீட்டுத் திண்ணையும் வருகிறது.

பட்டை இல்லாத காலம்

1985 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் முதல் பதிப்பை வெளியிட்டது. அதில் ஒரு ஜன்னல் மேல் இன்னொன்று ஏறி உட்கார முடியாது. தரையில் டைல்ஸ் பதித்த மாதிரி ஒன்றின் பக்கத்தில் ஒன்றாகத்தான் நிற்கும். சுருக்கி வைத்த புரோகிராம்களின் ஐகான்கள் திரையின் அடியில் வரிசையாக நிற்கும். இன்றைய டாஸ்க்பாருக்குத் தாத்தா என்று வேண்டுமானால் அதைச் சொல்லலாம்.

அடுத்தடுத்த பதிப்புகளில் ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏற ஆரம்பித்தன. 1990-ல் விண்டோஸ் 3.0, 1992-ல் 3.1 வந்தன. இந்த இரண்டில்தான் உலகம் முழுக்க அலுவலகங்கள் விண்டோஸுக்கு மாறின. கூடவே ஒரு புதுத் தொல்லையும் வந்தது. ஒரு புரோகிராமைச் சுருக்கினால் அது ஐகானாக மாறித் திரையின் அடியில் போய் உட்காரும். பெரிய ஜன்னல் ஒன்று திறந்திருந்தால் அந்த ஐகான் அதன் பின்னால் மறைந்துவிடும். கணினிக்குப் புதியவர்கள் தாங்கள் செய்த வேலையே அழிந்துவிட்டது என்று பயந்துபோவார்கள். அல்லது அதே புரோகிராமை மறுபடியும் திறப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது என்று திறந்து, கடைசியில் கணினி திணறி நின்றுவிடும்.

அதாவது அன்றைய கேள்வி ரொம்ப எளிமையானது: "நான் திறந்து வைத்தது எங்கே போச்சு?"

1995: ஸ்டார்ட்!

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் டாஸ்க்பார் பிறந்தது. விண்டோஸ் 95-ஐ உருவாக்கியவர்கள், கணினி தெரியாத சாதாரண மனிதர்களை அழைத்து உட்காரவைத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வடிவமைத்தார்கள். ஸ்டார்ட் மெனுவும் டாஸ்க்பாரும் உருவானதில் டேனியல் ஓரன் என்பவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அவர் உளவியல் படித்தவர். பி.எஃப். ஸ்கின்னரின் நடத்தை உளவியல் வழியில் வந்தவர். மனிதன் எதைப் பார்த்தால் எதைத் தொடுவான் என்று யோசிக்கத் தெரிந்த ஒருவர் இந்த வேலைக்கு வந்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வெளியானது. விளம்பரத்துக்கு ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'ஸ்டார்ட் மீ அப்' பாடலையே வாங்கினார்கள். கணினியைப் புதிதாகப் போட்டதும் டாஸ்க்பாரில், "ஆரம்பிக்க இங்கே கிளிக் செய்யவும்" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் அம்புக்குறியோடு நகர்ந்து வந்து ஸ்டார்ட் பட்டனைக் காட்டும். அந்த அளவுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். (கணினியை நிறுத்தவும் 'ஸ்டார்ட்'டைத்தான் அழுத்த வேண்டும் என்று உலகம் முழுக்கக் கேலி செய்தது தனிக் கதை!)

இதற்கு அவர்கள் கொடுத்த விலையையும் பாருங்கள். அன்றைய சாதாரணத் திரையின் உயரம் 480 புள்ளிகள். டாஸ்க்பார் அதில் 28 புள்ளிகளை எடுத்துக்கொண்டது. மொத்தத் திரையில் பதினேழில் ஒரு பங்கு! இடம் அவ்வளவு குறைவாக இருந்த காலத்தில், "திறந்ததெல்லாம் எப்போதும் கண்ணில் படவேண்டும்" என்பதற்காக அவ்வளவு இடத்தைத் தாரை வார்த்தார்கள். அதனால்தான் முதல் நாளிலிருந்தே டாஸ்க்பாருக்கு செட்டிங்ஸும் இருந்தது. வேண்டாதபோது தானாக ஒளிந்துகொள்ளச் செய்யலாம். எந்த ஜன்னலுக்கும் மேலே நிற்கவேண்டுமா என்று தீர்மானிக்கலாம். கடிகாரத்தை மறைக்கலாம். பட்டையை இழுத்து மேலே, இடப்பக்கம், வலப்பக்கம் என எந்த ஓரத்திலும் ஒட்டலாம்.

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வி மட்டும் விட்டுப்போயிற்று. இத்தனை மாற்றங்களும் *யாருக்காக*?

விண்டோஸ் 95-ல் ஆளுக்கு ஆள் தனி அமைப்பு வைத்துக்கொள்ள வசதி இருந்தது. கன்ட்ரோல் பேனலில் பாஸ்வேர்ட்ஸ் என்ற இடத்துக்குப் போய் அதைத் தேடிப் பிடித்து மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், இந்தக் கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் ஒரே அமைப்புதான். பெரும்பாலானவர்கள் அந்த இடத்துக்குப் போனதே இல்லை. பெர்சனல் கம்ப்யூட்டர் என்ற பெயரிலேயே 'பெர்சனல்' இருக்கிறதல்லவா! ஒரு மேஜை, ஒரு கணினி, ஓர் ஆள். அதுதான் அவர்கள் மனதில் இருந்த படம்.

கடை வேறு, முதலாளி வேறு

வணிகவியல் படிப்பவர்களுக்குக் கணக்குப் பதிவியலின் முதல் பாடங்களில் ஒன்று நினைவிருக்கும். கடை வேறு, கடைக்காரர் வேறு. கல்லாவில் இருக்கும் பணம் அவருடையதுதான். ஆனாலும் வீட்டுச் செலவுக்கு அதிலிருந்து ஐநூறு ரூபாய் எடுத்தால் 'எடுப்புகள்' என்று எழுத வேண்டும். அப்படி எழுதாவிட்டால் என்ன ஆகும்? பணம் திருட்டுப் போகாது. ஆனால் வருடக் கடைசியில் கடை லாபத்தில் ஓடியதா நஷ்டத்தில் ஓடியதா என்று யாருக்கும் தெரியாது. ஆள் ஒருவரே ஆனாலும் கணக்கு இரண்டு வேண்டும் என்பதன் காரணம் அதுதான்.

கணினி உலகில் இந்தப் பாடத்தை முதலில் எடுத்துக்கொண்டது வீடு அல்ல, அலுவலகம். 1993-ல் வந்த விண்டோஸ் என்டி, ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பெயர், தனிக் கடவுச்சொல், தனிப் பதிவேடு என்று பிரித்து வைத்தது. 1996-ல் என்டி 4.0 வந்தபோது டாஸ்க்பாரும் அதற்குள் வந்தது. அப்போதிலிருந்து டாஸ்க்பார் அமைப்பு அந்தந்த ஆளின் கணக்கோடு சேர்ந்தது. ஒருவர் பட்டையை மேலே வைத்தால் மற்றவருடைய பட்டை கீழேயே இருக்கும்.

ஆனால் அலுவலகம் கொடுத்தது சுதந்திரத்தை மட்டும் அல்ல, பூட்டையும்தான். 2000-ஆம் ஆண்டு வந்த விண்டோஸ் 2000-ல் 'குரூப் பாலிசி' என்ற ஏற்பாடு அறிமுகமானது. அலுவலகக் கணினிகளை நிர்வகிப்பவர் தன் இடத்தில் இருந்தபடியே, "டாஸ்க்பாரையும் ஸ்டார்ட் மெனுவையும் யாரும் மாற்றக்கூடாது" என்று நூறு கணினிகளுக்கு ஒரே நேரத்தில் உத்தரவு போடலாம். இன்றும் அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் சில செட்டிங்ஸ் மங்கிப்போய் அழுத்த முடியாமல் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதன் வாரிசுகள்தான்.

ஆக இரண்டு எல்லைகள் உருவாயின. வீட்டில் எவரும் எதையும் மாற்றலாம். அலுவலகத்தில் எவரும் எதையும் மாற்ற முடியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் லேப்டாப்பைப் பற்றி அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

எக்ஸ்பி: குடும்பப் புகைப்படம்

2001 அக்டோபர் 25 அன்று வந்த விண்டோஸ் எக்ஸ்பிதான் இந்தக் கதையில் பெரிய திருப்பம். என்டியின் அடித்தளம் முதல்முறையாக வீட்டுக்கு வந்தது. கணினியைத் திறந்ததும் ஒரு வரவேற்புத் திரை. அதில் வாத்து, கால்பந்து, பூ என்று ஒவ்வொருவருக்கும் ஒரு படம், பக்கத்தில் பெயர். அப்பா திறந்து வைத்த வேலையை மூடாமலேயே மகள் தன் படத்தைக் கிளிக் செய்து உள்ளே போகலாம். 'ஃபாஸ்ட் யூசர் ஸ்விட்சிங்' என்று அதற்குப் பெயர்.

டாஸ்க்பாரிலும் மூன்று மாற்றங்கள் வந்தன. பட்டையைப் பூட்டி வைக்கலாம், தவறுதலாக இழுபடாது. ஒரே புரோகிராமின் பல ஜன்னல்கள் ஒரே பட்டனுக்குள் குழுவாகச் சேரும். வலது ஓரத்தில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஐகான்களில், அதிகம் தொடாதவை ஒரு சின்ன அம்புக்குறிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எக்ஸ்பி கணினியை அலுவலகத்தின் டொமைன் வலையமைப்பில் சேர்த்துவிட்டால் அந்த வரவேற்புத் திரையும் கிடையாது, ஃபாஸ்ட் யூசர் ஸ்விட்சிங்கும் கிடையாது! வீட்டுக்கென்று செய்த வசதி வேலைக் கணினியில் மறைந்துவிடும். ஒரே லேப்டாப் இரண்டுக்கும் உதவ வேண்டியவருக்குத்தான் அந்த வசதி அதிகம் தேவை. சரியாக அவருக்குத்தான் அது கிடைக்கவில்லை. அடுத்து வந்த விஸ்டாவில்தான் இது சரியானது.

தமிழ்நாட்டில் இன்னொரு காரணத்தாலும் அந்தப் படங்கள் வேலைக்கு ஆகவில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருந்தால் இரண்டு பேருடைய புரோகிராம்களும் நினைவகத்தில் இடம் பிடிக்கும். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைத்ததே 128 எம்பிதான். அன்றைய விலை குறைந்த கணினிகளில் அதற்கு மேல் பெரிதாக இருக்காது. ஆகவே ஜெராக்ஸ் கடையாக இருந்தாலும், டி.டி.பி. சென்டராக இருந்தாலும், வீடாக இருந்தாலும் ஒரே கணக்கு, கடவுச்சொல் இல்லை, எல்லோருக்கும் ஒரே டாஸ்க்பார். கூட்டுக் குடும்பத்துக்கு ஒரே அடுப்பு மாதிரி.

கடிகாரத்துக்குப் பக்கத்தில் தமிழ்

டாஸ்க்பாரின் வரலாற்றில் தமிழுக்கென்று ஓர் இடம் உண்டு. அது கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது!

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்தது. அங்கிருந்துதான் தமிழ்99 விசைப்பலகை வந்தது. அதே ஆண்டு தமிழக அரசும் அதை ஏற்றது. 2000-ல் வந்த விண்டோஸ் 2000-ல் யூனிகோட் தமிழும் 'லதா' எழுத்துருவும் சேர்ந்தன. அதே 2000-ல் விஸ்வநாதனின் அழகி மென்பொருள் வந்தது. அடுத்து முகுந்த் உருவாக்கிய இ-கலப்பை, பின்னர் நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் ரைட்டர். இணையத்தில் தமிழ் எழுதிய ஒரு தலைமுறையே இவற்றால்தான் எழுதியது.

இ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவை தனி ஜன்னலாகத் திறந்து நிற்பவை அல்ல. கடிகாரத்தின் பக்கத்தில் ஒரு சின்ன ஐகானாக உட்கார்ந்திருக்கும். ஆல்ட் விசையோடு ஓர் எண்ணை அழுத்தினால் விசைப்பலகை தமிழுக்கு மாறும். மறுபடி அழுத்தினால் ஆங்கிலம். இப்போது எந்த மொழியில் தட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அந்தச் சின்னப் படத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது எக்ஸ்பியின் அந்த மூன்றாவது மாற்றத்தை நினைத்துப் பாருங்கள். அதிகம் தொடாத ஐகான் ஒளிந்துகொள்ளும். விசைகளைத் தட்டியே மொழி மாற்றுகிறவர் ஐகானைத் தொடுவதே இல்லை. ஆகவே கணினியின் பார்வையில் தமிழ் 'வேலையில்லாத' ஐகான்! அம்புக்குறிக்குப் பின்னால் தள்ளப்பட்டுவிடும். வீட்டில் தமிழ் அறியாத கணக்கு வேலைக்கும், தமிழில் கடிதம் அடிக்கும் வேலைக்கும் ஒரே கணினி என்றால் குழப்பம் நிச்சயம். அண்ணன் தமிழில் மாற்றி வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார். தங்கை எக்செல்லில் பெயர் அடிக்க ஆரம்பித்தால் வாயில் நுழையாத தமிழ் எழுத்துகளாக வந்து விழும். கீபோர்டு கெட்டுப்போச்சு என்று கணினியைக் கடைக்குத் தூக்கிப் போனவர்களும் இருந்திருப்பார்கள்.

இதற்கு மருந்து ஒரு சின்ன செட்டிங். 'கஸ்டமைஸ் நோட்டிஃபிகேஷன்ஸ்' என்ற இடத்தில் அந்த ஐகானுக்கு 'எப்போதும் காட்டு' என்று கொடுத்தால் போதும். தமிழ் எழுதுவோர் பலருக்கு டாஸ்க்பார் செட்டிங்ஸைத் திறக்க முதல் காரணமாக இருந்ததே இதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

விலையில்லா மடிக்கணினி

2011 வரை லேப்டாப் என்பது தமிழக கிராமங்களில் சினிமாவில் பார்க்கும் பொருள். அந்த ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், அன்றைய முதல்வர் ஜெயலலிதா திருவள்ளூர் மாவட்டத்தில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு. முதல் ஆண்டுக்கு மட்டும் 912 கோடி ரூபாயில் 9.12 லட்சம் மடிக்கணினிகள் என்பது திட்டம். கொள்முதல் செய்தது எல்காட். திட்டம் நடந்த ஆண்டுகளில் மொத்தம் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போயின.

ரிஷிவந்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 2011 தேர்தலில் விஜயகாந்த் வென்று எதிர்க்கட்சித் தலைவரானதால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த தொகுதி. அப்போது விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பரில்தான் புதிய கள்ளக்குறிச்சி மாவட்டம் நடைமுறைக்கு வந்தது. அர்த்தநாரீஸ்வரர் கோயில், சுற்றிலும் நெல், கரும்பு, மக்காச்சோளம், மேற்கே கல்வராயன் மலை. இப்படி ஓர் ஊரில் பிளஸ் டூ படித்த பிள்ளை தோளில் ஒரு கறுப்புப் பையோடு வீட்டுக்கு வந்தால், அந்த லேப்டாப் யாருடையது?

தாளில் மாணவருடையது. நடைமுறையில் வீட்டுடையது. அந்த வீட்டின் முதல் கணினி அதுதான். அண்ணனின் பால் சொசைட்டிக் கணக்கும் அதில்தான், அக்காவின் ஆன்லைன் விண்ணப்பமும் அதில்தான், கல்யாண வீடியோவும் அதில்தான். 2012 வாக்கில் தமிழ்நாட்டில் மின்வெட்டு எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். மேஜைக் கணினி செத்துக் கிடக்கும் நேரத்தில் பேட்டரியில் ஓடுவது அது ஒன்றுதான். மாணவர் படித்து முடித்து வேலைக்குப் போகும்போதும் அதே லேப்டாப்தான் கூடப் போகும். வீடும் வேலையும் ஒரே திரையில் சந்தித்தது இப்படித்தான்.

அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய இந்திய இயங்குதளம். முதல் பதிப்பு 2007-ல். அதற்குச் சற்று முன்பே எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்த உமாசங்கர் அரசுத் துறைகளை லினக்ஸ் பக்கம் திருப்ப முயன்றிருந்தார். லினக்ஸில் அன்று பரவலாக இருந்த க்னோம் 2 என்ற திரைச்சூழலில் வழக்கமாக மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. இரண்டையும் அடியோடு கலைத்து மாற்றலாம். விண்டோஸை விடச் சுதந்திரம் அதிகம். ஆனால் கணினி சென்டரில் கற்றுக்கொண்ட கை தேடியது கீழே இடது மூலையில் ஸ்டார்ட் பட்டனை. வீட்டில் பலர் புழங்கும் கணினியில் 'எல்லோருக்கும் பழகியது' எது என்பதுதான் ஜெயிக்கிறது, 'எது சிறந்தது' என்பது அல்ல.

விண்டோஸ் பக்கம் அப்போது 7-ஆம் பதிப்பு. 2009 அக்டோபரில் வந்தது. டாஸ்க்பாரின் பெரிய சீரமைப்பு அதில்தான் நடந்தது. புரோகிராமைப் பட்டையில் 'பின்' செய்து நிரந்தரமாகக் குத்தி வைக்கலாம். ஐகானை ரைட் கிளிக் செய்தால் கடைசியாகத் திறந்த கோப்புகளின் பட்டியல் எழும்பும். அதற்கு ஜம்ப் லிஸ்ட் என்று பெயர்.

இந்த இரண்டு வசதிகளும் ஒரே ஆள் பயன்படுத்தும் கணினியில் வரப்பிரசாதம். பலர் பயன்படுத்தும் கணினியிலோ வம்பு. ஜம்ப் லிஸ்ட் என்பது ஒருவர் என்னென்ன செய்தார் என்று அடுத்தவருக்குக் காட்டும் கண்ணாடி. அலுவலகச் சம்பளப் பட்டியலின் பெயர் தம்பிக்குத் தெரியும். தங்கை எழுதிப் பாதியில் விட்ட கடிதத்தின் பெயர் அப்பாவுக்குத் தெரியும்.

அன்று விலை குறைந்த கணினிகளோடு வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பில் இன்னொரு குறை. அதில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது, ஃபாஸ்ட் யூசர் ஸ்விட்சிங்கும் கிடையாது. ஓர் ஆளுக்கு ஒன்று என்று வாங்க வசதி உள்ளவருக்கு விற்ற விலை உயர்ந்த பதிப்பில் ஆள் மாறும் வசதி இருந்தது. ஒன்றை நாலு பேர் பகிர்ந்துகொள்பவர் வாங்கக்கூடிய பதிப்பில் அது இல்லை. எவ்வளவு தலைகீழ் பாருங்கள்!

பட்டன் போச்சு, வந்தது, நடுவில் உட்கார்ந்தது

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது ஸ்டார்ட் பட்டனையே எடுத்துவிட்டார்கள். பதினேழு வருடப் பழக்கம் ஒரே இரவில் போயிற்று. எதிர்ப்பு அதிகமாகி, ஒரே வருடத்தில் 2013 அக்டோபரில் 8.1 பதிப்பில் பட்டன் திரும்பி வந்தது. 2015 ஜூலையில் விண்டோஸ் 10, தேடும் பெட்டியோடும் பல மேஜைத்தளங்களோடும் வந்தது. 'வீடு' என்று ஒரு மேஜைத்தளம், 'வேலை' என்று ஒரு மேஜைத்தளம் வைத்துக்கொள்ளலாம். திறந்த ஜன்னல்கள் பிரிந்து நிற்கும். ஆனால் டாஸ்க்பாரில் குத்தி வைத்த ஐகான்கள் மட்டும் இரண்டுக்கும் பொதுதான்! சுவர் எழுப்பிவிட்டுக் கதவை மறந்த கதை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அதுவரை சில வீடுகளின் தொல்லையாக இருந்தது எல்லா வீடுகளின் தொல்லையாக ஆனது. காலையில் அலுவலக மீட்டிங், பத்து மணிக்குப் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, மாலையில் மறுபடி வேலை. மீட்டிங்கில் திரையைப் பகிர்ந்தவுடன் உலகத்துக்கே தெரிவது வேலைக் கோப்பு மட்டும் அல்ல, அடியில் இருக்கும் அந்தப் பட்டையும்தான். குத்தி வைத்த விளையாட்டு, வேலை தேடும் தளம், படிக்காத செய்திகளின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். டாஸ்க்பார் செட்டிங்ஸ் என்பது அழகு விஷயம் அல்ல, மானம் காக்கும் விஷயம் என்று பலர் அப்போதுதான் புரிந்துகொண்டார்கள்.

2021 அக்டோபர் 5 அன்று வந்த விண்டோஸ் 11, ஐகான்களை நடுவில் கொண்டுவந்து வைத்தது. வெளிவந்தபோது பட்டையை மேலேயோ பக்கத்திலோ நகர்த்தும் வசதி இல்லை. 1995-ல் இருந்தது 2021-ல் இல்லை! ஜன்னல்களைக் குழுவாகச் சேர்க்காமல் தனித்தனிப் பெயரோடு காட்டும் வசதியும் போயிருந்தது. மக்கள் கேட்டுக் கேட்டு அது 2023-ல்தான் திரும்பியது.

இரண்டு கணக்கு, ஒரு கல்லா

இந்த முப்பது வருடக் கதையில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வொரு பதிப்பும் பட்டையை *எப்படி* மாற்றுவது என்று புதிது புதிதாகச் சொல்லிக் கொடுத்தது. *யாருடைய* பட்டை என்ற கேள்விக்கான பதில் மட்டும் 1993-லேயே என்டியில் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு கணக்கு. வேலைக்கு ஒரு கணக்கு. அந்தப் பதில் நம் வீடுகளுக்குள் வரத்தான் இவ்வளவு காலம் ஆகிறது.

அதைச் செய்ய அரை மணி நேரம் போதும். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதில் அதர் யூசர்ஸ் என்ற இடத்தில் புதுக் கணக்கு சேர்க்கலாம். ஒரே ஆள்தான் வீட்டுக்கும் வேலைக்கும் பயன்படுத்துகிறார் என்றாலும் அவர் பெயரிலேயே இரண்டு கணக்கு வைக்கலாம், கடைக்காரர் இரண்டு நோட்டு வைப்பது போல. வேலைக் கணக்கின் டாஸ்க்பாரில் டேலி, எக்செல், மெயில் மட்டும். வீட்டுக் கணக்கில் பாட்டு, படம், பிள்ளையின் பாடம். தமிழ் விசைப்பலகையை இரண்டு கணக்கிலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும், ஒன்றில் சேர்த்தால் மற்றதில் தானாக வராது. பர்சனலைசேஷன் பகுதியில் டாஸ்க்பாரின் கீழ் செய்தி எண்ணிக்கை காட்டும் பேட்ஜை நிறுத்தலாம். ஸ்டார்ட்டின் கீழ் சமீபத்தில் திறந்த கோப்புகளைக் காட்டுவதை நிறுத்தலாம். லேப்டாப் அலுவலகம் கொடுத்தது என்றால் முதலில் அவர்களைக் கேட்டுக்கொள்வது நல்லது. அங்கே பூட்டு அவர்கள் கையில்.

"இருக்கிறது ஒரே லேப்டாப், இதில் எதற்கு ஆளுக்கொரு பாஸ்வேர்ட்? நமக்குள் என்ன ஒளிவு மறைவு?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கடைக்காரரின் மனைவியும் ஒரு காலத்தில், "நம்ம கடைதானே, நூறு ரூபாய் எடுத்ததற்கு எதற்கு எழுத வேண்டும்?" என்று கேட்டிருப்பார். எழுதுவது அவரைச் சந்தேகப்பட்டு அல்ல. எது வீட்டுடையது, எது கடையுடையது என்று இருவருக்கும் தெரியத்தான்.

2025 மார்ச் பட்ஜெட்டில் தமிழக அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது மடிக்கணினி என்று அறிவித்தது. ரிஷிவந்தியம் போன்ற ஊர்களில் மறுபடியும் ஒரு கணினி ஒரு வீட்டுக்குள் நுழையும், மறுபடியும் நாலு பேர் அதைச் சுற்றி உட்காருவார்கள். முதல் நாளே நாலு பேருக்கும் நாலு கணக்கு போட்டுக் கொடுத்துவிட்டால், "யாருடா இதைத் தொட்டது?" என்ற காலைச் சண்டை ஒன்றாவது குறையும். மற்ற சண்டைகளுக்கு விண்டோஸில் இன்னும் செட்டிங் வரவில்லை!